உப்பில்லாத பிறந்தநாள்

எனக்கு வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று ஆதார் அட்டையில் இருப்பது. நள்ளிரவில் கதவைத் தட்டி, மூக்கில் க்ரீம் தடவி, போட்டோ எடுத்து, மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிவது வரை அன்று எல்லாம் உண்டு. இன்னொன்று அம்மாவின் கணக்கு: ஆவணி மாதத் திருவோணம். அது எந்தத் தேதியில் வருகிறது என்பதை காலண்டரைப் பார்த்து அம்மா சொன்னால்தான் எனக்குத் தெரியும். "தலைக்குக் குளிச்சியா? பக்கத்துல ஏதாவது கோயிலுக்குப் போயிட்டு வா" என்று காலையில் போன் வரும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு பிள்ளையாரைப் பார்த்து தோப்புக்கரணம் போடுவதோடு அந்தப் பிறந்தநாள் முடிந்துவிடும்.

இந்த முறை திருவோணம் வெள்ளிக்கிழமையில் வந்தது. ஹாஸ்டல் காலத்திலிருந்து சேர்ந்து சுற்றும் எங்கள் கூட்டம், சனி ஞாயிறோடு சேர்த்து எங்காவது போகலாம் என்று ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தது. "உப்பிலியப்பனுக்கு அதுதான்டி நட்சத்திரம், அங்கேயே போயேன்" என்று அம்மா சொல்ல, கும்பகோணம் முடிவாயிற்று. கோயில் டிரிப்பா, ஜாலி டிரிப்பா என்று ஆபீஸில் கேட்டார்கள். கும்பகோணத்துக்குப் போகிறவர்களிடம் இப்படிக் கேட்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. டிகிரி காபியும் கோபுரமும் ஒரே தெருவில் இருக்கிற ஊர் அது.

எழும்பூரிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ். எங்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். டிக்கெட், அறை, கார் எல்லாம் அவர் பொறுப்பு. அப்புறம் ஒரு வங்கிக்காரி, ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு நாகர்கோவில்காரி. நாகர்கோவில்காரி சர்ச்சுக்குப் போகிறவள். "எனக்கு சிற்பமும் காபியும் போதும், நீங்க சாமி கும்பிடுங்க" என்று சொல்லித்தான் வந்தாள். கடைசியில் எங்களையெல்லாம் விட அதிக நேரம் கோயிலுக்குள் இருந்தது அவள்தான்.

விடியலில் இறங்கி, குளித்து, புதுச் சேலை கட்டி, கதம்பம் வைத்துக்கொண்டு கிளம்பினோம். உப்பிலியப்பன் கோயில் திருநாகேஸ்வரத்தில், கும்பகோணத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. ஆழ்வார்கள் பாடிய பெயர் திருவிண்ணகர். கார் நின்றதும் டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "உப்பு போட்ட சாப்பாடு எதுவும் பையில இருந்தா வண்டியிலயே வெச்சிடுங்கம்மா" என்றார். கோயிலுக்குள் உப்புப் பண்டம் கொண்டுபோகக் கூடாது என்பது இங்கே கண்டிப்பு. வங்கிக்காரி மிளகாய்ப்பொடி தடவிய இட்லி டப்பாவை எடுத்து வைத்தாள். டீச்சரின் கைப்பையிலிருந்து சிப்ஸ், முறுக்கு, நெல்லிக்காய், அப்புறம் வகுப்பில் ஏதோ ஒரு பையனிடமிருந்து பறிமுதல் செய்த கடலைப் பாக்கெட் என்று வந்துகொண்டே இருந்தன.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மார்க்கண்டேய மகரிஷிக்குத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது. பூமிதேவிதான் அது. அவள் வளர்ந்து வரும்போது ஒரு கிழவர் வந்து பெண் கேட்கிறார். மகரிஷிக்குக் கொடுக்க மனமில்லை. "சின்னப் பெண், சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது" என்கிறார். "பரவாயில்லை, உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்கிறார் கிழவர். அந்தக் கிழவர்தான் பெருமாள். அன்றிலிருந்து இங்கே நைவேத்தியத்தில் உப்புக் கிடையாது.

பெருமாளின் பெருந்தன்மைக்காகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த அப்பாவைத்தான் பிடித்திருக்கிறது. மகளுக்கு உப்புப் போடத் தெரியாது என்று அவர் குறை சொல்லவில்லை, வாசலில் நிற்கிற கிழ மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த சாக்கு அது. கல்யாணத்துக்குப் பிறகும் மகளைப் பிரியக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால், இங்கே பெருமாள் தாயாரை விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பாடு போவதில்லை. தாயாருக்குத் தனிச் சன்னிதியும் இல்லை. மூலவருக்கு வலப்பக்கம் வடக்கு நோக்கித் தாயார், இடப்பக்கம் தெற்கு நோக்கி மார்க்கண்டேயர். மகளைக் கொடுத்த கையோடு மாமனாரும் கர்ப்பகிருகத்திலேயே தங்கிவிட்டார்.

டீச்சருக்கு வீட்டில் மும்முரமாக வரன் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வருகிற ஒவ்வொரு வீட்டிலும் "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்பது தப்பவில்லை. வரிசையில் நின்றபடி கதையைக் கேட்டவள், "இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் சொல்ற ஆளை எங்கம்மா எந்தத் தளத்துல தேடுவாங்க?" என்றாள். முன்னால் நின்ற மாமி திரும்பி, "வேண்டிக்கோடிம்மா, ஐப்பசித் திருவோணத்துல இவருக்குத் திருக்கல்யாணம். அப்ப வந்து சேவி" என்று வழி சொன்னார்.

திருவோணம் என்பதால் நல்ல கூட்டம். மாதா மாதம் இந்த நட்சத்திரத்தில் இங்கே சிரவண தீபம் எடுப்பார்கள். தீபம் வருகிறபோது ஒரு நெரிசல், ஒரு "கோவிந்தா". அந்தச் சத்தத்தில் நான் வேண்ட நினைத்திருந்த பட்டியல் மறந்தே போனது. சம்பள உயர்வு உட்பட. உள்ளே பெருமாள் நெடுநெடுவென்று நிற்கிறார். திருப்பதிப் பெருமாளுக்கு அண்ணன் என்பார்கள், அங்கே நேர்ந்துகொண்டதை இங்கே செலுத்தலாம் என்பதும் நம்பிக்கை. வலது கையில் 'மாம் ஏகம் சரணம் வ்ரஜ' என்று கீதை வாசகம். என்னையே சரணடை என்று கையிலேயே எழுதி வைத்திருக்கும்போது பட்டியல் எதற்கு என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் பட்டர். சொன்னேன். "இன்னிக்கேவா?" என்று நிமிர்ந்து பார்த்தவர், சடாரி சாதித்து, துளசியோடு பெருமாள் கழுத்து மாலையிலிருந்து ஒரு துண்டையும் கையில் வைத்தார். "நன்னா இரும்மா." அவ்வளவுதான். என் தோழிகள் வெளியே வந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நள்ளிரவுக் கேக்கின்போது வராத அழுகை அப்போது வந்தது.

பிரசாதக் கடையில் புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் வாங்கினோம். உப்பில்லாத புளியோதரை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் வாய் வித்தியாசம், மூன்றாவது வாயில் புளியும் எள்ளும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். "உப்பு குறைவுன்னு நாக்கு சொல்லவே இல்லையே" என்று அக்கா ஆச்சரியப்பட்டார். வங்கிக்காரி மட்டும் நேர்மையாக, "எனக்குச் சொல்லுச்சு" என்றாள்.

திருவோண விரதம் இருப்பவர்கள் அன்று முழுவதும் உப்பைத் தவிர்ப்பார்கள். நானும் இருக்கிறேன் என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். அதே நாளில் கேரளம் முழுக்க ஓணத்துக்கு இலை போட்டு, உப்பேரியில் தொடங்கி பாயசம் வரை பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்பதை நாகர்கோவில்காரி மத்தியானம்வரை விடாமல் நினைவுபடுத்தினாள். சாயங்காலம் கேக் வெட்டலாம் என்று ரகசியத் திட்டம் வேறு வைத்திருந்தார்கள். கேக்கில் உப்பு உண்டா என்று காரில் ஒரு விவாதம் நடந்தது. ஒரு சிட்டிகை போடுவார்கள், வெண்ணெயிலும் இருக்கும் என்று போனில் பார்த்து அக்கா தீர்ப்புச் சொன்னார். கேக் ரத்து. பதிலுக்குச் சூடாக ரவா கேசரி வாங்கி, அதன்மேல் ஒரு முந்திரியை மெழுகுவர்த்தி மாதிரி குத்தி வைத்தார்கள். நெய் ஒழுகிய அந்தக் கேசரியைவிட நல்ல பிறந்தநாள் விருந்து எனக்கு நினைவில்லை.

மத்தியானம் கோயில்கள் நடை சாத்தியிருக்கும், தூங்கினோம். வெயில் தாழ்ந்ததும் தாராசுரம்.

இங்கேதான் நாகர்கோவில்காரியைத் தொலைத்தோம். ஐராவதேஸ்வரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12-ஆம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1987-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தோடு தாராசுரமும் 2004-ல் சேர்ந்தது. குதிரை இழுக்கும் தேர்போன்ற மண்டபம், இப்போது கம்பிவேலி போட்டுவிட்ட இசைப் படிகள் எல்லாவற்றையும் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அவள் உட்கார்ந்துவிட்டது விமானத்தின் அடிவரிசையில், நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடும் இடத்தில். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இந்த ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறிவிட்டது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையைச் சொன்னேன். "எங்க யோனாவை மீன் விழுங்கின மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லத் தெரியாமல், அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்தேன். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை இருக்கும் சிற்பத்தில் உள்ளங்கையால் ஒரு உடலை மறைத்து, இன்னொன்றைப் பார்க்கும் விளையாட்டில் டீச்சர் மட்டும் பத்து நிமிடம் செலவழித்தாள். கோயிலில் இப்படி விளையாடத்தானே அதைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இருட்டும் நேரத்தில் சுவாமிமலை. அறுபடை வீட்டில் நான்காவது, அப்பனுக்கே பாடம் சொன்ன தகப்பன்சாமி. இது கட்டுமலை. ஏறிப்போகிற அறுபது படிகள் அறுபது தமிழ் வருடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் அவரவர் வருடத்தைத் தேடுவது தனி சந்தோஷம். என்னுடையது வெகுதானிய, பிரபவவிலிருந்து பன்னிரண்டாவது பெயர். நாகர்கோவில்காரி ஒரு படி மேலே போய் நின்று, "நான் 1999, உன்னைவிடப் புதுசு" என்று அலட்டினாள். அவள் பிறந்தது ஜனவரி முதல் தேதி. தமிழ் வருடம் சித்திரையில்தானே மாறும்? இறங்கி வந்து என் படியிலேயே நிற்கச் சொன்னோம். இந்தப் பெயர் மறுபடி வரும் 2058-ல் இரண்டு பேரும் முழங்கால் வலியோடு ஏறுவோம் என்று அக்கா ஆசீர்வாதம் செய்தார்.

மேலே சன்னிதிக்கு எதிரில் மயில் நிற்க வேண்டிய இடத்தில் யானை நிற்கிறது, இந்திரன் தந்த ஐராவதம். மாலையில் தாராசுரத்தில் அது பூஜித்த ஈசனைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, தெரிந்தவரை மறுபடி சந்தித்த மாதிரி இருந்தது. சுவாமிநாதன் ராஜ அலங்காரத்தில் இருந்தார், விபூதி மணம். அங்கே யாரும் பேசவில்லை, டீச்சர்கூட.

மறுநாள் விரதம் முடிந்தது. காலையில் பித்தளை டபராவில் காபி, வெண்பொங்கல், வடை. உப்பு இவ்வளவு ருசியா என்று நானே சிரித்தேன். சாரங்கபாணி கோயிலில் உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு உண்டு, ஆவணியில் போனதால் தட்சிணாயன வாசல் வழியாக உள்ளே போனோம். திருமழிசையாழ்வார், "நடந்து நடந்து கால் வலித்துத்தான் படுத்திருக்கிறாயா, எழுந்து பேசு" என்ற பொருளில் கேட்டாராம். அதற்காகச் சற்றே எழுந்த கோலத்தில் பெருமாள் சயனித்திருக்கிறார். முந்தைய நாள் சுற்றலில் கெண்டைக்கால் பிடித்திருந்த எங்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு அன்பானது என்று நன்றாகவே புரிந்தது. ஆதி கும்பேஸ்வரர் கோயில் வாசல் கடைகளில் வளையலுக்கும் பித்தளைச் சாமானுக்கும் ஒரு மணி நேரம் போயிற்று. சாமி தரிசனம் அதில் கால்வாசி நேரம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

திரும்பும் ரயிலில் எல்லோருடைய நட்சத்திரத்தையும் எழுதினோம். அக்கா விசாகம், வங்கிக்காரி ரோகிணி, டீச்சர் சுவாதி. "எனக்கு அதெல்லாம் கிடையாதுப்பா" என்றாள் நாகர்கோவில்காரி. பிறந்த நேரம் தெரியுமா என்று கேட்டதற்கு அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்து வந்து ஊரே தூங்கி எழுந்த அன்று, இரவு ஒன்பது மணிக்கு. செயலியில் போட்டோம். மார்கழித் திருவாதிரை. டீச்சர் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டாள்: "ஏய், நடராஜர் நட்சத்திரம்டி!" ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போவது என்று அங்கேயே முடிவாயிற்று. "அங்கே என்ன சாப்பாடு? உப்பு உண்டா?" என்பது அவளுடைய ஒரே கவலை. திருவாதிரைக் களி இனிப்பு, கூட வரும் ஏழுகாய்க் குழம்பில் தாராளமாக உண்டு என்று சொன்னோம். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், அக்கா போனில் அந்தத் தேதிக்குக் காலை 7.55-க்கு அலாரம் வைத்துவிட்டார்.