கைக்கு ஒரு ட்ரெயினிங்

கொழும்புக் கோட்டையிலிருந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் வந்தால், வெள்ளவத்தையில் நான் இறங்கவேண்டிய ஹோல்ட்டுக்கு முந்தின ஹோல்ட்டில்தான் அந்த வைன் ஸ்டோர்ஸ், சாராயக்கடை. 15 வருஷம் அங்கேதான் இறங்கினேன். "இண்டைக்கு வேண்டாம்" என்று கொள்ளுப்பிட்டியில் தீர்மானித்திருப்பேன். பம்பலப்பிட்டி வரைக்கும் அது ஆடாது, அசையாது. பிறகு பார்த்தால் கம்பிக்கதவுக்குள்ளால் காசை நீட்டிக்கொண்டு நிற்பேன். நடுவில் என்ன நடந்தது என்று மனுசி கேட்டால் சொல்லத் தெரியாது. பொய் சொல்கிறேன் என்று நினைப்பாள். சத்தியமாகத் தெரியாது.

குடியை விட்டு 14 மாசம். கை நடுக்கம், வார்டு, மருந்து, கவுன்சிலிங் எல்லாம் இன்னொரு நாளைக்கு. இது மெல்பேர்னில் உளவியல் படிக்கிற என் மருமகளின் கதை, தங்கச்சியின் மகள். கால் தன்பாட்டுக்கு இறங்கிற கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "மாமா, உங்கட கையும் காலும் உங்களுக்கு முன்னமே முடிவெடுக்குது. அதைத் திருப்பிப் பழக்கலாம்" என்றாள்.

கனகாலம் குடித்தவனுக்குப் போத்தலைக் கண்டதுமே அதைத் தன் பக்கம் இழுக்கிற அசைவு கிளம்பிவிடுமாம், யோசனை பின்னால்தான் வருமாம். அம்ஸ்டர்டாம் பேராசிரியர் ரைனவுட் வீர்ஸும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியில் சிகிச்சையிலிருந்த 214 பேர். திரையில் படம் வரும், கையில் ஜோய்ஸ்டிக். இழுத்தால் படம் பெருத்துக் கிட்ட வரும், தள்ளினால் சிறுத்துப் போகும். ஒரு பகுதியினரிடம் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவேயில்லை. நெட்டையா, அகலமா, அதைப் பார்த்து இழுக்கவோ தள்ளவோ வேண்டும். சூட்சுமம் என்னவென்றால், பயிற்சியில் குடிவகைப் படமெல்லாம் தள்ளவேண்டிய வடிவத்திலேயே வரும். 15 நிமிசப்படி 4 தரம், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி இல்லாதவர்களில் நூற்றுக்கு 59 பேர் திரும்பக் குடித்திருந்தார்கள், பயிற்சி எடுத்தவர்களில் 46.

நான் கணக்கெழுதுகிறவன். 46 எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை. ஆனால் நடுவில் குறைந்த அந்த 13, பதின்மூன்று வீடு. மெல்பேர்னிலும் இதே பயிற்சியைக் குடியை நிறுத்த வார்டில் படுத்த 300 பேரிடம் செய்து 2021இல் எழுதியிருக்கிறார்கள். வீடு போய் இரண்டு கிழமை குடிக்காமல் இருந்தவர்கள், பயிற்சி எடுத்தவர்களில் நூற்றுக்கு 54க்குக் கிட்ட, எடுக்காதவர்களில் 42 சொச்சம். இவர்கள் எல்லோரும் முழுச் சிகிச்சையிலும் இருந்தவர்கள். கிளினிக் டொக்டரிடம் சொன்னேன். "செய்யுங்கோ, மருந்தையும் கிளினிக்கையும் மட்டும் விடாதேங்கோ" என்றார்.

மருமகள் தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்பினாள். "இது ஆராய்ச்சியில்லை மாமா, விளையாட்டு" என்று ஆயிரம் தரம் எச்சரித்தாள். திறந்தால் வைன் கிளாஸ், நுரை தள்ளும் பியர், ஐஸ் போட்ட விஸ்கி. எனக்கு ஒரு மயிரும் சிலிர்க்கவில்லை. வைன் கிளாஸை நான் கண்டதெல்லாம் பெரிய இடத்துக் கல்யாணங்களில். என்னை இழுக்கிறது பேப்பர் சுத்தின அரைப்போத்தல். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த நாட்டில் சாராய விளம்பரம் நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பேப்பர் சுருள்தான் என் விளம்பரம். பிறகு அந்தக் கம்பிக்கதவு, பௌர்ணமிப் போயாவுக்குக் கடை பூட்டு என்பதால் முதல் நாள் நிற்கிற கியூ, மஞ்சள் பல்ப், பிளாஸ்டிக் கிளாஸ்.

இதுகளைப் புரோகிராமில் போடப் படமெடுக்க நான் போகவில்லை, மகனை அனுப்பினேன். பெடியன் வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நிற்பதை மேல்மாடி அங்கிள் கண்டுவிட்டு மனுசியிடம் வந்து குசுகுசுத்தது தனி நாடகம்.

முதல் நாள் அரைப்போத்தல் வந்தது. நெட்டைப் படம், தள்ளவேண்டும். கை இழுத்துவிட்டது. திரை முழுக்கப் போத்தல். தனி அறையில் இருந்துகொண்டு வெட்கப்பட்டேன். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கால் மணித்தியாலம், மகனின் பழைய ஜோய்ஸ்டிக்கோடு. மூன்றாம் கிழமைக்குள் பிழைகள் நன்றாகக் குறைந்தன. அது கை பழகினதா, மருந்தா, மனுசியின் விரதமா, பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

போன போயாவுக்கு முதல் நாள் பஸ் அந்த ஹோல்ட்டில் நின்றது. கியூ ரோட்டு வரைக்கும். நான் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஹோல்ட்டில் இறங்கினபிறகுதான் அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன் என்று உறைத்தது.

ஆனால் இறங்கின இடத்தில் கடலை வண்டில். வறுத்த மிளகாய் வாசம். வாயில் உடனே எச்சில். கடலைக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். மருமகளுக்கு மெசேஜ் அடித்தேன்: "வாசத்துக்கு என்ன செய்யிறது பிள்ளை?" "அதுக்கு இன்னும் ஜோய்ஸ்டிக் இல்லை மாமா, ரோட்டைக் கடவுங்கோ" என்று பதில் வந்தது. கடந்தேன். இப்போது அந்தப் பக்கத்தாலேதான் வீட்டுக்கு நடக்கிறேன்.