ஆய்வறை நாட்குறிப்பு: ஒரே மேசை, ஆளுக்கொரு கெடு

2024 செப்டம்பர் 9, திங்கள்

புதுச் சேர்க்கை தொடங்கிவிட்டது. இந்தக் குறிப்பேடு ஆய்வு மாணவர் அறையின் பொதுச்சொத்து. யார் எழுதினாலும் பெயர் போடுவதில்லை.

முதலில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் கெடு குறுகியது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் (வெளிநாட்டினர் பதிவு அலுவலகம்) பதிய வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான். பாஸ்போர்ட், விசா பக்கம், இங்கே படிக்கிறார் என்று துறைத்தலைவர் தரும் போனஃபைட் சான்று, விடுதி பதிந்த ஃபார்ம் சி (தங்குமிடத் தகவல் படிவம்), இந்த நான்கும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. சிக்கல் எப்போதும் நான்காவதில்தான். ஒருவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கவைத்தவர் ஃபார்ம் சி பதிய வேண்டும். விடுதியில் அறை கிடைக்கும்வரை நண்பர் வீட்டில் ஒரு வாரம் இருந்தால், அந்த ஒரு வாரத்துக்கு நண்பர்தான் பதிய வேண்டும். இது பலருக்குத் தெரியாது. விடுதி அலுவலகத்தில் லாகின் யாரிடம் இருக்கிறது என்பதை, ஆள் விமானம் ஏறும் முன்பே விசாரித்து வையுங்கள். விடுமுறையில் போன எழுத்தரிடம் கடவுச்சொல் இருந்தால் 14 நாள் பறந்துவிடும்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்த ஆண்டு ஏ.ஐ.யு. (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) தரும் இணைநிலைச் சான்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பட்டமானாலும் அடிஸ் அபாபா பட்டமானாலும் இதுதான் விதி. "தமிழ்தானே, நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

நெறியாளரிடம் இடமில்லை என்று வெளிநாட்டு மாணவரைத் திருப்பி அனுப்பும் பேச்சு வந்தால் 2022 யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. ஒழுங்குமுறையைக் காட்டுங்கள். பேராசிரியருக்கு 8 ஆய்வு மாணவர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. வெளிநாட்டு மாணவர் 2 பேர் வரை இந்தக் கணக்குக்கு வெளியே.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

திருவோணம். விடுதிப் பின்கட்டில் 40 பேருக்குச் சமையல். அடுத்த ஆண்டுக்காக அளவு: அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ, அடைப் பிரதமன் பாயசத்துக்கு அடை 750 கிராம், வெல்லம் ஒன்றே முக்கால் கிலோ, தேங்காய் 8. தேங்காயை மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் அடை வெந்து வற்றிய பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் முதல் பால். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும்.

இண்டக்‌ஷன் அடுப்பு பற்றி ஒரு வார்த்தை. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அறைச்சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். பிளக் மாற்றும் அடாப்டர் போட்டால் அடுப்பு எரியும், கூடவே சாக்கெட்டும் கருகும். 16 ஆம்பியர் இணைப்பில் இரண்டு அடுப்பை ஒன்றாகப் போட்டால் எம்.சி.பி. (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழாது. நெடுநேரம் கழித்து, பருப்பு பாதி வெந்திருக்கும்போது விழலாம். ஆகவே ஒரு இணைப்புக்கு ஓர் அடுப்பு.

உணவுப் பட்டியலில் சைவம், அசைவம் என்று இரண்டு பத்தி போட்டு முடித்துவிடுகிறார்கள். முட்டை மட்டும் உண்பவர், ஹலால் பார்ப்பவர், வெங்காயம் பூண்டு தொடாதவர் எல்லாரும் இதே அறையில்தான் இருக்கிறார்கள். பத்தி கூடுவதால் செலவு கூடாது. கரண்டிதான் இரண்டு கூடும்.

2024 அக்டோபர் 18, வெள்ளி

நேற்று நெட் (தேசியத் தகுதித் தேர்வு) முடிவு. ஜூன் 18 தேர்வை மறுநாளே ரத்து செய்து, ஆகஸ்ட் 21 முதல் மறுபடி நடத்தியதன் முடிவு. இந்த முறை மூன்று வகைத் தேர்ச்சி: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) உள்ளவர், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும் உள்ளவர், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகைக்கும் பிஎச்.டி. சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டாண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) 42,000. 2023 ஜனவரி 1 முதல் இந்தத் தொகை. மத்தியப் பல்கலையில் நெட் இல்லாதவருக்கும் 8,000 உண்டு. மாநிலப் பல்கலையில் அதுவும் இல்லை. ஆகவே ஒரே மேசையில் எதிரெதிரே 37,000 வாங்குபவரும் ஒன்றும் வாங்காதவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அறையில் எதற்குப் பணம் திரட்டினாலும் "தலைக்கு இவ்வளவு" என்று பிரிக்காமல், உதவித்தொகை வாங்குபவர் ஒரு பங்கு கூடப் போடுவது இங்கே வழக்கம். அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பதும் வழக்கம்.

பணம் ஏன் வரவில்லை என்று கேட்பவர் இவற்றைப் பாருங்கள்.

யூ.ஜி.சி. உதவித்தொகை கனரா வங்கியின் தளம் வழியே வருகிறது. மாதாமாதம் பல்கலையில் ஒருவர் "மேக்கர்" ஆக உங்கள் வருகையை ஏற்ற வேண்டும், இன்னொருவர் "செக்கர்" ஆக ஒப்புதல் தர வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் அந்த மாதம் நிற்கும். டெல்லிக்கு மின்னஞ்சல் எழுதுவதற்கு முன் மாடி ஏறி இரண்டு மேசையையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

அடுத்தது ஆதார். வங்கிக் கணக்கோடு ஆதார் "லிங்க்" ஆகியிருப்பது போதாது, "சீடிங்" ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் விழ வேண்டிய கணக்கு இதுதான் என்று பதிவாகியிருக்க வேண்டும். எந்த வங்கியில் கடைசியாக சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் விழும். கேஸ் மானியத்துக்காக ஊரில் அம்மா திறந்துகொடுத்த கணக்கில் மூன்று மாதத் தொகை பத்திரமாக இருந்ததும் உண்டு.

பிற்படுத்தப்பட்டோர் இதைக் கவனிக்க: தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய ஒதுக்கீட்டில் செல்லாது. ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்று, மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதி மத்தியப் பட்டியலில் அதே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முடிவு வந்தபிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடினால் காலம் போதாது.

பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கு, பழங்குடியினருக்கு 750, ஓ.பி.சி.க்கு 1,000. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். பழைய சுற்றறிக்கையை நம்பி இன்னும் அதைக் கேட்டு வருகிறார்கள். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவருக்குத்தான் தொடரும்.

2024 நவம்பர் 6, புதன்

டி.சி. (ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டி) கூட்டம் அரையாண்டுக்கு ஒன்று. அறிக்கையில் "முன்னேற்றம் திருப்தி" என்று ஒரே வரி எழுதி வாங்காதீர்கள். எந்த இயல், எத்தனை நேர்காணல், அடுத்த ஆறு மாதத்தில் என்ன என்று எழுத வையுங்கள். நெறியாளர் ஓய்வு பெற்று ஆள் மாறும்போது உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தத் தாள்தான்.

2024 நவம்பர் 29, வெள்ளி

வெளியே புயல் மழை. உள்ளே எழுத்துரு.

பார்வையற்ற ஆய்வாளருக்காகத் துறையின் பழைய ஆய்வேடுகளை என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை பாமினி, வானவில் போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. பாமினியில் "தமிழ்" என்ற சொல்லுக்குக் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், வாசிப்பானுக்கு உளறல். தேடுபொறிக்கும் அதே உளறல்தான். சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறியும் யாராலும் தேடி எடுக்க முடியாமல் கிடக்கும் தமிழ் ஆய்வேடுகளுக்கு இது ஒரு பெரிய காரணம்.

யூனிகோடுக்கு மாற்றும் முறை இது. மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுங்கள். இயல் இயலாகப் பிரியுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வானவில்லை பாமினி என்று கொடுத்தால் பாதி எழுத்து மட்டும் தமிழாகும், அதைத் திருத்துவது புதிதாகத் தட்டுவதைவிடக் கடினம். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே வேறு நிறத்தில் குறித்து வையுங்கள், அவையும் தமிழ் உளறலாகிவிடும். அடிக்குறிப்பு தனியாகத்தான் வரும். வெறும் உரையாக ஒட்டினால் காணாமலே போகும்.

பிறகு திருத்தம். பழைய தட்டச்சில் "ர்", "ரி" அடிக்க, துணைக்காலையே போட்டு மேலே புள்ளியோ கொக்கியோ வைப்பார்கள். மாற்றிய பின்னும் "அவா்கள்", "ஆசிாியா்" என்றே நிற்கும். கண் பார்த்தால் சரிபோலத் தெரியும். "ஆசிரியர்" என்று தேடினால் ஒன்றும் வராது. துணைக்காலின்மேல் புள்ளியோ கொக்கியோ தமிழில் வராது என்பதால், "ா்" என்பதை "ர்" என்றும் "ாி" என்பதை "ரி" என்றும் "ாீ" என்பதை "ரீ" என்றும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்தமாக மாற்றலாம்.

ஆனால் ஔகாரத்தில் அந்தத் துணிச்சல் கூடாது. "மெளனம்" என்று கொம்பும் ளகரமுமாக அடித்ததைத் திருத்தப் போய் எல்லா "ெள"வையும் "ௌ" ஆக்கினால், "தெளிவு", "வெள்ளி" இரண்டும் கெடும். "ஒள" என்பதை "ஔ" ஆக்கினால் "ஒளி" போகும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 250 பக்கத்துக்கு இரண்டு பேர் இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிகிறது.

அச்சிட்ட நூலானால் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) போடுங்கள். கைபேசியில் வளைந்த பக்கத்தைப் படமெடுத்தால் ஓரச்சொற்கள் எல்லாம் பாழ்.

இதே எழுத்துருவால் இன்னொரு வேடிக்கை. எழுத்துத் திருட்டுச் சோதனை மென்பொருளில் பாமினிக் கோப்பைக் கொடுத்தால் 0 விழுக்காடு ஒற்றுமை என்று வரும், மகிழ வேண்டாம். மென்பொருள் எதையும் படிக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். தேர்வாளர் யூனிகோடில் கேட்டால் எண் மாறும். 2018 யூ.ஜி.சி. விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரை, ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை ஓராண்டு தரவே முடியாது. 60க்கு மேல் பதிவே ரத்து. மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் வராது, 14 சொல் வரையிலான பொதுத் தொடர்களும் வராது. சங்கப் பாட்டு எடுத்தாள்பவர் மேற்கோள் குறியை மறந்தால் கபிலரிடமிருந்து திருடியதாகக் கணக்காகும்.

2024 டிசம்பர் 12, வியாழன்

"எந்த ஊர்?" என்று கேட்கலாம். "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்றால் என்ன கேட்கிறார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். "உங்க குலதெய்வம் எது?" என்பதும் அதே கேள்விதான், உடைதான் வேறு. அசாமிலிருந்து வந்தவருக்கு இது விளங்காது. அவரிடம் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "நீங்க இந்தியாதானா?" புதியவர்களுக்கான முதல் நாள் பேச்சில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

கேள்வியோடு நிற்காமல் தொல்லையாகப் போனால், 2012 யூ.ஜி.சி. விதிப்படி சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு, 2015 விதி. நிகழ்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர் தொடர்பான வழக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் குழுவில் இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் அந்த மூவர் பெயர் இல்லையென்றால் இப்போதே கேளுங்கள், புகார் வந்தபிறகு அல்ல. தேதி, இடம், உடனிருந்தவர் இந்த மூன்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். புகாரில் ஆத்திரத்தைவிடத் தேதி வலுவானது.

2025 ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15 அன்று வைத்த நெட் தேர்வை, எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைத்தார்கள். இப்போது 21, 27 தேதிகளில். புதிய நுழைவுச்சீட்டில் மையம் மாறியிருக்கலாம், பழைய அச்சோடு கிளம்பாதீர்கள்.

2025 பிப்ரவரி 14, வெள்ளி

கால வரம்பு பற்றிய கேள்விதான் இந்த மாதம் முழுக்க.

2022 ஒழுங்குமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2, ஆக 10 ஆண்டு வரை. எண்ணத் தொடங்குவது சேர்க்கைத் தேதியிலிருந்து. தலைப்பு உறுதியான தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு ஓராண்டு கைவசம் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு.

மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு, ஆய்வுக்காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள். முறை தெரியாமல் இழப்பவர்கள் அதிகம். நெறியாளரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள், வருகைப்பதிவேட்டில் வெற்றிடம் விழும், வெற்றிடத்தைப் பார்த்த மேக்கர் அந்த மாதத்தை ஏற்ற மாட்டார். விண்ணப்பம், மருத்துவச் சான்று, துறையின் பரிந்துரை, பதிவாளர் ஆணை என்ற வரிசையில் ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆணையின் நகல் ஒன்று உதவித்தொகைப் பிரிவுக்கும் போக வேண்டும், அது தானாகப் போகாது.

திருமணமாகி வேறு ஊர் போகும் பெண் ஆய்வாளர், திரட்டிய தரவோடு வேறு பல்கலைக்கு மாறலாம் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. தரவு எவை என்று பட்டியலிட்டு, நெறியாளர் கையொப்பத்தோடு எடுத்துச்செல்லுங்கள்.

2025 மார்ச் 4, செவ்வாய்

ரமலான் நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். மெஸ்ஸில் இரவு 8 மணிக்குக் கட்டித்தரும் பொட்டலத்தைத்தான் விடிகாலை நாலரைக்கு சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் உண்பது) உண்கிறார்கள். முதல் நாள் தேங்காய்ச் சட்னி வைத்தது தவறு, மூன்று மணிக்கே புளித்துவிட்டது. தயிர்சாதமும் மார்ச் வெக்கைக்குத் தாங்கவில்லை. இப்போது புளிசாதம், அவித்த முட்டை, இரண்டு வாழைப்பழம். சாதத்தை ஆறவைத்த பிறகே கட்ட வேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்து நசநசத்துவிடும். மெஸ் கணக்கு பகிர்வுமுறை என்பதால், பகல் சாப்பாட்டை விடுபவர் முதல்நாள் மாலைக்குள், சாப்பிடாத நாளைக் கழிக்கும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மொத்தச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாளால் வகுக்கிறார்கள், கையெழுத்தில்லாத நாளும் உங்கள் தலையில் ஏறும்.

மாலை 5 மணிக்கு வைத்திருந்த இரண்டு டி.சி. கூட்டங்களை 11 மணிக்கு மாற்றக் கேட்டு எழுதியாயிற்று. நோன்பு திறப்பு ஆறு இருபதையொட்டி. ஒன்று மாறிவிட்டது. இன்னொன்றுக்கு வெளித்தேர்வாளர் ரயில் நேரம் சொல்ல வேண்டும்.