நார்ம்ஸில் வராத கைவேலை

1997-ல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் ஊர் பேர்ணாம்பட்டு பக்கம். காலை பஸ், கையில் டிபன் பாக்ஸ், ராத்திரி வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் போகாத தோல் வாசம், இப்படியே 28 வருஷம் ஓடிவிட்டது. அவுட்சோர்சிங் என்றாலே எல்லாரும் பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் பாலாற்றுப் பக்கம் அது எப்போதோ வந்துவிட்டது. நாங்கள் அதை ‘ஆர்டர்’ என்று சொன்னோம், அவ்வளவுதான்.

என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் அப்படியே கப்பல் ஏறும். 1970-களில் அரசாங்கம் பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளியே போவதைக் கட்டுப்படுத்தியது, வேலை இங்கேயே நடக்கட்டும் என்று. அப்புறம்தான் முடித்த தோல், ஷூவின் மேல்பாகமான அப்பர், கடைசியில் முழு ஷூ என்று வளர்ந்தது. அதே சமயத்தில் ஐரோப்பாவில் கூலி ஏற, அங்கிருந்த கம்பெனிகள் வெட்டுவதையும் தைப்பதையும் கூலி குறைந்த நாடுகளுக்குத் தள்ளின. டிசைனும் பிராண்டும் அங்கேயே இருந்தன. தோலை ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, குரோம் உப்பில் பதனிடும் அழுக்கு வேலையும் நம் பக்கம் பெருகியது. அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது இந்த ஆற்றை வைத்துத்தான்.

கட்டிங் என்றால் டையை, அதாவது ஷூ பாகத்தின் வடிவத்தில் இருக்கும் வெட்டு அச்சை, தோல் மேல் வைத்து மெஷினை அழுத்துவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த பாய் முதல் ஒரு மாதம் என்னை மெஷின் பக்கமே விடவில்லை. தோலை மேஜையில் விரித்து, “தம்பி, கண்ணால பார்த்தா போதாது, இழுத்துப் பாரு” என்பார். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் ரப்பர் மாதிரி நீளும், கழுத்தில் சுருக்கம். ஷூவின் முன்முகத்தை நல்ல முதுகுத் தோலில்தான் எடுக்க வேண்டும், அதுவும் விரலிலிருந்து குதிகால் திசையில் நீளாதபடி வைத்து. இல்லாவிட்டால் நாலு மாதத்தில் ஷூ வாய் பிளந்துவிடும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட அடையாளம், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, இதையெல்லாம் தவிர்த்து, அல்லது வெளியில் தெரியாத நாக்குப் பகுதிக்குள் மறைத்து, இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே நிறச் சாயலில் வரும்படி ஜோடி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தோலும் வேறு மாடு, வேறு வாழ்க்கை. அது கைக்குப் பிடிபட எனக்கு மூன்று வருஷம் ஆனது.

இதில் பணமும் இருக்கிறது. ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடி தோல் என்று கம்பெனி ஒரு நார்ம்ஸ் போட்டிருக்கும். நான் ஒரு நாளைக்கு 80 ஜோடி வெட்டுகிறேன், ஜோடிக்கு 2 சதுர அடி என்றால் 160 சதுர அடி. பழகிய கை அதில் 4 சதவீதம் மிச்சம் பிடிக்கும். சதுர அடி 110 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 700 ரூபாய். என் ஒரு நாள் சம்பளம் அதைவிடக் குறைவு. வாங்கிய தோல், மிஞ்சிய தோல் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். மிச்சம் பிடித்தால் என்ன நடக்கும் தெரியுமா? அடுத்த சீசனில் நார்ம்ஸை இறுக்குவார்கள். பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, போகும் விலைப்பட்டியலில் என் வேலை இத்தனை நிமிஷம் என்றுதான் இருக்கும், திறமைக்கு என்று அதில் ஒரு வரி கிடையாது. நிமிஷமாக எழுதிய வேலையை நிமிஷம் மலிவாகக் கிடைக்கிற ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது ரொம்ப சுலபம்.

அப்படித்தான் போனது. வங்கதேசத்துக்கு ஐரோப்பாவில் 2001-லிருந்து வரி இல்லை. வியட்நாமோடு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எங்களிடம் பத்து வருஷமாக இருந்த ஒரு பையர் அதற்கு அடுத்த வருஷம் விலகினார். தரத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்றது, வியட்நாமுக்கு 20. எங்கள் லைனில் வாரம் நாலு நாள் வேலை ஆனது. எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த அண்ணன், என்னைவிட நல்ல கட்டர், இப்போது குடியாத்தத்தில் ஆட்டோ ஓட்டுகிறார்.

வேலை எங்களுடையது, வேறு யாரோ பறித்துக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் சேர்ந்த புதிதில் இத்தாலியிலிருந்து வயதான டெக்னீஷியன் ஒருவர் பயிற்சி கொடுக்க வந்தார். நான் நின்ற கட்டிங் மெஷினைத் தட்டிப் பார்த்து, மொழிபெயர்ப்பவர் மூலமாகச் சொன்னார்: இதே மாடலில்தான் அவரும் இருபது வருஷம் நின்றாராம், அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். மெஷின் பழசாக வாங்கியது, இத்தாலியப் பெயர்த் தகடு இன்னும் அதில் இருக்கிறது. அன்று எனக்கு 21 வயது, அவர் சொன்னது ஏறவில்லை. அவர் மட்டும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாமல், தன் கையிலிருந்ததை எல்லாம் எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனார். இன்று வியட்நாமில் மெஷின் முன்னால் நிற்கும் பெண் மேல் எனக்குக் கோபம் வராததற்கு அந்த மனிதர் ஒரு காரணம்.

இப்போது நம் பக்கம் வருவது வேறு மாதிரி வேலை. செய்யாறில் முன்பே வந்துவிட்டது, பனப்பாக்கத்திலும் தைவான் கம்பெனி வருகிறது, தோல் இல்லாத விளையாட்டு ஷூ. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சம்பளம் கிடைக்கும், அது நல்லதுதான், என் அக்கா மகளும் செய்யாறில்தான் இருக்கிறாள். ஆனால் துணிச்சுருளில் தழும்பு இல்லை, கழுத்து வயிறு இல்லை. அவள் வேலையை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள், அதனால் அவள் இடத்துக்கு இன்னொருத்தியும் ஒரு வாரத்தில் வந்துவிடலாம். அவளுக்கு அது தெரியும். “மாமா, எனக்கு ஒரு தொழில் தெரியும்னு சொல்ல முடியல” என்றாள் போன பொங்கலுக்கு.

ஒப்பந்தம் போடுகிறவர்கள் வரியைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசட்டும். எனக்கு வேண்டியது கம்பெனிக்குள்ளேயே முடிகிற விஷயம். போன மாத மீட்டிங்கில் எழுந்து நின்று கேட்டேன்: மிச்சமாகிற தோலின் விலையில் கட்டருக்கு ஒரு பங்கு கொடுங்கள், கற்றுக்கொடுக்கும் ஆளுக்குத் தனிச் சம்பளம் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் வரும்போது தோலைப் பார்க்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் இருக்க மாட்டான். மேனேஜர், “சரிங்க, இதுக்கு எப்படிக் கணக்கு வைக்கிறது?” என்றார். மறுநாள் என் நோட்டுகளில் பதினோரு வருஷத்து நோட்டுகளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.