டர்பனிலிருந்து வரிப் படிப்பு

கம்பெனி வரி வேலை பார்ப்பவர்கள் ஆன்லைனில் பட்டமேற்படிப்புச் சான்றிதழ் படிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக. ஆனால் எந்த நாட்டுச் சட்டம் சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் கம்பெனி வரி 28-இலிருந்து 27 சதவீதமாகக் குறைந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். கூடவே, பழைய நஷ்டத்தைக் கழிப்பதற்கு ஒரு வரம்பு வந்ததுதான் வம்பு. வரிக்குரிய வருமானம் 50 லட்சம் ராண்ட், பழைய நஷ்டம் 2 கோடி என்று வையுங்கள். வருமானத்தில் 80 சதவீதம், அதாவது 40 லட்சம்தான் கழியும். மிச்சம் 10 லட்சத்துக்கு வரி கட்டியே ஆக வேண்டும்! இதை அமெரிக்கச் சட்டப் பாடத்தில் தேடிப் பயனில்லை. டிரான்ஸ்ஃபர் பிரைசிங் (ஒரே குழுமத்துக் கம்பெனிகள் தங்களுக்குள் வைக்கும் விலை), பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான 15 சதவீத உலகக் குறைந்தபட்ச வரி என்றால் சரி, எங்கே படித்தாலும் உதவும்.

அப்புறம், அமெரிக்கப் படிப்பில் சேர்ந்தால், அங்கே கோடையில் நியூயார்க்கில் மாலை ஆறு மணி வகுப்பென்றால் டர்பனில் நள்ளிரவு. வீடியோ பதிவு கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.