‘கிரெடிட் டு ஓனர்’ என்று போட்டால் அது கிரெடிட் ஆகாது

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர், ஒரு சமூக வலைதளப் பக்கத்தில் வந்திருந்த ஒரு படத்தை அனுப்பி, “இது நீ வரைந்தது மாதிரி இருக்கிறதே” என்று கேட்டார். மாதிரி எல்லாம் இல்லை, நான் வரைந்ததேதான். கொட்டும் மழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி நனைந்தபடி நிற்கும் ஒரு கிழவியின் படம். பதினொரு இரவுகள் உட்கார்ந்து வரைந்தேன், அதில் நான்கு இரவுகள் அந்த முகத்துக்கு மட்டும். கீழே வலது மூலையில், அவளுடைய பாதத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. அந்தப் பக்கத்தில் போட்டிருந்த படத்தில் அந்த மூலையே இல்லை. என் பெயரை எடுப்பதற்காகக் கிழவியின் பாதத்தையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள்.

அதைவிட வலித்தது கீழே இருந்த கமெண்ட்டுகள். “என்ன கை உங்களுக்கு!” என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு அந்தப் பக்கத்தை நடத்துபவர் நன்றி சொல்லியிருக்கிறார். பதிவின் கடைசியில் ‘கிரெடிட் டு ஓனர்’, அதாவது ‘பெருமை உரியவருக்கே’ என்று ஒரு வரி வேறு.

அந்த வரியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். யார் அந்த ஓனர்? படத்தைப் பார்த்துப் பிடித்துப்போன ஒருவர் என்னைத் தேடி வர அந்த வரியில் என்ன வழி இருக்கிறது? ஓவியருக்குப் பெயர் என்பது பெருமைக்காக மட்டும் இல்லை. அடுத்த வேலை அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ‘நாங்கள் உங்களுக்கு விளம்பரம்தானே தருகிறோம்’ என்று அந்தப் பக்கத்துக்காரர் பிறகு எனக்குப் பதில் எழுதினார். பெயர் இல்லாத படம் யாருக்கு விளம்பரம்? போட்டவருக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் போடுவதும் அனுமதி கேட்பதும் வேறு வேறு. பெயரைச் சரியாகப் போட்டுவிட்டால் மட்டும் படத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது, அதேபோல அனுமதி வாங்கிவிட்டதால் பெயரை விட்டுவிடலாம் என்றும் ஆகாது. ‘காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை’ என்று கீழே எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அந்த வரிக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

சரி, என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். கோபம் வந்தது, உடனே கமெண்ட்டில் போய்க் கத்த வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் கத்திவிட்டால் அவர்கள் பதிவை அழித்துவிட்டு நம்மை பிளாக் செய்துவிடுவார்கள், கையில் ஆதாரம் இருக்காது. அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். பதிவின் முழு முகவரி, கணக்கின் பெயர், தேதி, எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தேன். என் பக்கத்தில் லேயர்கள், அதாவது படத்தின் அடுக்குகள், தனித்தனியாகப் பிரிந்திருக்கும் மூல ஃபைல், பென்சில் ஸ்கெட்ச், நான் முதலில் பதிவிட்ட தேதி எல்லாம் இருந்தன. வரைந்து முடித்ததும் லேயர்களை ஒன்றாக்கிவிட்டு மூல ஃபைலை அழிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். வெட்டிய படத்தை மட்டும் வைத்திருப்பவரால் வெட்டாத படத்தை ஒருபோதும் காட்ட முடியாது.

அப்புறம் தனிச்செய்தியில் ஐந்து வரி எழுதினேன். இது என் படம், முழுப் படம் இதோ, ஒன்று நீக்குங்கள், அல்லது வெட்டாத படத்தைப் போட்டுப் பதிவின் முதல் வரியில் என் பெயரையும் என் பக்கத்தின் இணைப்பையும் கொடுங்கள், இரண்டு நாளில் பதில் வேண்டும். அவ்வளவுதான். வசவு எதுவும் இல்லை. பதிலாக வந்ததுதான் மேலே சொன்ன ‘விளம்பரம்’. அதற்குப் பிறகு கமெண்ட்டுகளுக்கு நடுவில் எங்கேயோ என் பெயரை டேக் செய்தார்கள், முந்நூறு கமெண்ட்டுக்கு அடியில் யார் அதைப் பார்ப்பார்கள்? அதை நான் ஏற்கவில்லை, பதிவை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கே நோட்டீஸ் அனுப்பினேன்.

இங்கே சட்டம் கொஞ்சம் தெரிந்திருந்தால் பயம் போய்விடும். பதிப்புரிமைக்காக 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி, ஒரு படத்தை வரைந்த உடனே பதிப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் ‘சி’ போட வேண்டியதும் இல்லை. அதே உடன்படிக்கையை 1928-ல் ரோமில் திருத்தியபோது இன்னொரு உரிமையையும் சேர்த்தார்கள். படைப்பை விற்றுவிட்டாலும் ‘இதைச் செய்தது நான்’ என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு என்பது அது. அந்தப் பாதத்தை வெட்டியது எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கே விளங்கியது.

பெரிய தளங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி புகார் படிவம் வைத்திருக்கின்றன. பணம் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். உங்கள் மூலப் படம் எது, திருடிய பதிவு எங்கே இருக்கிறது, உங்கள் தொடர்பு விவரம், சொல்வது உண்மை என்ற உறுதிமொழி, கையொப்பம், இவை போதும். ஆனால் விளையாட்டாக அனுப்பக் கூடாது, பொய்ப் புகார் கொடுத்தால் நம் மேலேயே வழக்கு வரலாம். நீங்கள் கொடுக்கும் பெயரும் முகவரியும் எதிர்த் தரப்புக்கும் போக வாய்ப்பிருக்கிறது, அதனால் வீட்டு முகவரியைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். எதிர்த் தரப்பு மறுப்பு நோட்டீஸ் கொடுத்தால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நாம் வழக்குப் போட்டதாகத் தளத்துக்குத் தெரிவிக்காவிட்டால் நீக்கிய பதிவு திரும்பத் தளத்தில் வந்துவிடும். என் விஷயத்தில் மறுப்பு எதுவும் வரவில்லை, பதிவு போய்விட்டது.

இதே படத்தை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்ற ஒரு கணக்கையும் ரிவர்ஸ் இமேஜ் தேடலில், அதாவது படத்தையே கொடுத்து அது வேறு எங்கே இருக்கிறது என்று தேடி, கண்டுபிடித்தேன். அவர்களிடம் கெஞ்சவில்லை, பேசவும் இல்லை, நேராக நோட்டீஸ்தான். ஆசையாகப் பகிர்பவரையும் காசு பார்ப்பவரையும் ஒரே மாதிரி நடத்த என்னால் முடியாது.

ஒரு தவறும் செய்திருக்கிறேன். முன்பு ஒருமுறை, இன்னொரு படத்துக்காக, ஒரு சின்னக் கணக்கின் பெயரைப் பொதுவில் போட்டுவிட்டேன். என்னைப் பின்தொடர்பவர்கள் போய் அந்த ஆளைக் கேட்கக் கூடாத வார்த்தைகளால் திட்டினார்கள். பார்த்தால் அவர் ஒரு பள்ளி மாணவர், ஏற்கெனவே பெயர் வெட்டப்பட்ட படத்தை வேறு எங்கோ பார்த்துப் பிடித்துப்போய்ப் பகிர்ந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அவர் அந்தக் கணக்கையே மூடிவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் பொதுவில் இழுப்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பழைய கதை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரக்கட்டை அச்சுப் படங்களை இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமோண்டி என்பவர் செம்புத் தகட்டில் அப்படியே செதுக்கி விற்றார், டியூரரின் ‘ஏ.டி.’ முத்திரை உட்பட. டியூரர் வெனிஸுக்கே போய் முறையிட்டதாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். கிடைத்த தீர்ப்பு இவ்வளவுதான்: அந்தப் பெயர் முத்திரையை இனிப் போடக் கூடாது. படத்தைக் காப்பியடிக்கலாம், பெயரைத் தொடக் கூடாது! 1511-ல் தன் மரக்கட்டைப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டபோது, பிறர் உழைப்பைத் திருடுபவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையே அச்சிட்டார் டியூரர். ஐந்நூறு வருடம் முன்பு அவருக்கு வந்த அதே கோபம்தான் எனக்கும் வந்தது.

இப்போது கையெழுத்தை மூலையில் போடுவதில்லை. படத்துக்கு உள்ளேயே, வெட்டினால் படம் கெட்டுப்போகும் இடத்தில் வைக்கிறேன். கிழவியின் படத்தில் இப்போது அது குடைத் துணியின் மடிப்போடு சேர்ந்து ஓடுகிறது. ஃபைலுக்குள் பெயரைப் பதித்து வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், பல தளங்கள் பதிவேற்றும்போதே அந்தத் தகவலை நீக்கிவிடுகின்றன. அச்சுக்கான பெரிய அளவை இணையத்தில் ஏற்றுவதில்லை. என் பாணியில் வேறொருவர் வரைந்தால் அதற்காகச் சண்டைக்கும் போவதில்லை. பாணி யாருக்கும் சொந்தமில்லை, நான் வரைந்த அந்தப் படம்தான் எனக்குச் சொந்தம்.

இதையெல்லாம் செய்து முடித்த வாரத்தில் என் பழைய படங்களையும் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு படங்கள் மற்றவர்கள் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை, ஒன்றில்கூட அவர்கள் பெயரை நான் எழுதியிருக்கவில்லை. இரண்டு பேரைக் கண்டுபிடித்து எழுதினேன். ஒருவர் பெயர் மட்டும் போட்டால் போதும் என்றார், முதல் வரியில் சேர்த்துவிட்டேன். இன்னொருவர் நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன். மீதி இரண்டு புகைப்படங்களையும் எடுத்தது யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரியும்வரை அந்தப் படங்கள் என் பக்கத்தில் இருக்காது.