பழைய பாத்ரூமில் வாட்டம் எடுப்பது

புது வீட்டில் கழிவுக் குழாய்க்கு இடம் விட்டுத்தான் தளம் போடுவார்கள். பழைய பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது அந்த வசதி கிடையாது. சன்கன் பள்ளம் (குழாய் பதிக்கத் தளத்தில் தாழ்வாக விட்ட இடம்) எத்தனை அங்குலம், வெளிச்சுவரில் இறங்கும் குழாயின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் என்றோ முடிவாகிவிட்டது. டைல்ஸ் கடைக்குப் போகும் முன்பே இந்த இரண்டு அளவும் கையில் இருக்க வேண்டும். பல வீடுகளில் தளத்தை உடைத்த பிறகுதான் டேப்பை எடுக்கிறார்கள்.

கணக்கு எளியது. அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (சரிவு) என்று வைத்தால், கழிப்பறைக் கோப்பையிலிருந்து வெளிக்குழாய் வரை 8 அடிக்கு 2 அங்குல இறக்கம். 110 மி.மீ. குழாய்க்கு நாலே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அதன்மேல் கான்கிரீட், கலவை, டைல்ஸ் சேர்த்து 3 அங்குலம். ஆக, ஒன்பதரை அங்குலம் வேண்டும். பள்ளமோ 7 அங்குலம்தான் என்றால் மீதி இரண்டரைக்கு எங்கே போவது? குழாயை மட்டமாகப் படுக்கவைத்தால் தண்ணீர் ஓடிவிடும், மலம் தங்கிவிடும். தரையை உயர்த்தினால் குளிக்கிற தண்ணீர் அறைக்குள் வரும், கதவின் அடியையும் அறுக்க வேண்டியிருக்கும். இதற்கு நல்ல வழி, கோப்பையை வெளிச்சுவர் ஓரமாக நகர்த்தி பி-டிராப் வைப்பதுதான். டிராப் என்பது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு; பி வகையில் கழிவு சுவர்ப்பக்கமாக வெளியேறும். அதன் வாய், முடிந்த தரையிலிருந்து மையத்துக்குச் சுமார் 180 மி.மீ. உயரத்தில் சுவர் வழியாக வெளியே போய்விடும். பள்ளத்துக்குள், குளிக்கிற தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் 75 மி.மீ. குழாய் மட்டும் மிஞ்சும்.

கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் எஸ்-டிராப் என்றால் தவறு வேறு மாதிரி. சுவரிலிருந்து 9 அங்குலம் என்று கோப்பைப் பெட்டியில் இருப்பது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்து குழாய் வைத்தால், பூச்சும் டைல்ஸும் ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடும். அப்புறம் கோப்பையின் டாங்க் சுவரில் இடிக்கும், கோப்பை உட்காராது.

குழாயிலும் ஒரு ஏமாற்று உண்டு. எஸ்டபிள்யூஆர் குழாய் (கழிவுக்கும் மழைநீருக்குமான பிவிசி குழாய்) டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வகை. ஏ, மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும். கழிவுக்கு பி. 110 மி.மீ. குழாயில் ஏ-யின் கனம் 2.2 மி.மீ., பி-யின் கனம் 3.2. விலை குறைவென்று ஏ-யைத் தரைக்கடியில் புதைப்பது பெரிய தப்பு.

பழைய வீடுகளில் இருப்பது வார்ப்பிரும்புக் குழாய். பக்கத்துச் சுவரைச் சுத்தியலால் அடித்தாலே அதன் இணைப்பு விரிசல் விடும். அதன் வாயில் பிவிசியைச் செருகிச் சிமெண்ட் பூசினால், வழவழப்பான பிவிசியைச் சிமெண்ட் பிடிக்காது. சில மாதத்தில் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வளையம் தெரியும். பிவிசி நுனியில் சால்வென்ட் (குழாய் ஒட்டும் பசை) தடவி, ஈரம் காயுமுன் அதன்மேல் மணலைத் தூவிக் காயவிட வேண்டும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான அந்த நுனியைக் கலவை நன்றாகக் கவ்வும். ஐந்து நிமிட வேலை, ஆனால் அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுதான்.

ரப்பர் ரிங் இணைப்பில், அறுத்த நுனியை அரத்தால் சாய்வாகத் தேய்க்காமல் தள்ளினால் ரிங் மடங்கி உள்ளே சுருண்டுகொள்ளும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. முழுக்கத் தள்ளியபின் 10 மி.மீ. பின்னால் இழுத்துவிட வேண்டும். வெயிலில் குழாய் நீள்வதற்கு அந்த இடம்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிராப்பில்தான். அதில் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். மொட்டைமாடிக்கு மேல் போகும் காற்றுக் குழாயை ஷெட் போடும்போது மூடிவிட்டால், மேல்மாடியில் ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் கீழே டிராப் தண்ணீர் குளுக் குளுக்கென்று உறிஞ்சப்பட்டுவிடும். எத்தனை பினாயில் ஊற்றினாலும் நாற்றம் போகாது.

டைல்ஸ் வேலை நடக்கும் நாட்களில் குழாய் வாய்களைச் சிமெண்ட் பைக் காகிதத்தால் அடைக்கக் கூடாது. காகிதம் நனைந்து உள்ளே விழும், பின்னாலேயே கலவைத் தண்ணீரும் போய் டிராப் அடியில் கல்லாக இறுகும். எண்ட் கேப் (குழாய் மூடி) போட வேண்டும். பள்ளத்தை மூடுவதற்கு முன் வெளிமுனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்காவிட்டால், டேப்பைக் குழாய்மேல் நீட்டிவைத்துப் போட்டோ எடுத்தபின் மூடலாம்.