டௌவல் சொல்வதற்கு மூன்று பத்தி தேவைப்படுகிறது

ஃபோர்டு மேடக்ஸ் ஃபோர்டின் ‘தி குட் சோல்ஜர்’ (1915) ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. இதுவரை சறுக்கிக்கொண்டே இருந்த நாவல். நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்திக் கட்டம்தான் கைகொடுத்தது.

முன்னும் பின்னுமாகச் சொல்லும், முழுசாக நம்ப முடியாத கதைசொல்லிகளைப் படிக்கும் எல்லோரும் காலவரிசை எழுதிப் பார்ப்போம். ஆனால் இந்த நாவலின் கதைசொல்லி டௌவலிடம் அது மட்டும் செல்லாது. ஆகஸ்ட் 4 என்ற தேதியே திரும்பத் திரும்ப வருகிறது: 1901இல் கல்யாணம், 1904இல் கூடத் தங்கியிருந்த இளம்பெண் மெய்ஸி மெய்டனின் சாவு, 1913இல் மனைவி ஃப்ளாரன்ஸின் சாவு. தேதியைக் குறித்துக்கொண்டு போனால் குழப்பம்தான் கூடுகிறது. அதனால் முதல் பத்தியில் சம்பவம் நடந்த நாள், இரண்டாவதில் அது டௌவலுக்குத் தெரியவந்த நேரம், மூன்றாவதில் நமக்குச் சொல்கிற பக்கம் என்று பிரித்தேன். நாவல் முழுக்க இரண்டாவது பத்தியில்தான் ஒளிந்திருக்கிறது.

டௌவலும் ஃப்ளாரன்ஸும், நண்பர்களான எட்வர்ட் ஆஷ்பர்ன்ஹாம், அவன் மனைவி லியோனோராவோடு ஒரு கோட்டையைப் பார்க்கப் போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை ‘எம்’ என்ற எழுத்தோடு நிறுத்திவிடுகிறான். மார்பர்க் என்று வைத்துக்கொள்ளலாம். போனது முதல் வருஷமா இரண்டாம் வருஷமா என்றே ஞாபகமில்லை என்கிறான். கண்ணாடிப் பெட்டியில், புராட்டஸ்டன்ட் மதத்துக்கு வழிவகுத்த மார்ட்டின் லூதரின் பழைய காகிதம். ஃப்ளாரன்ஸ் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆஷ்பர்ன்ஹாமின் மணிக்கட்டில் ஒரு விரலை வைக்கிறாள். லியோனோரா பதறி டௌவலை வெளியே இழுத்துக்கொண்டு போகிறாள். என்ன நடக்கிறதென்று தெரியவில்லையா என்று கேட்கிறாள். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு, நான் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண் என்று சொல்லிவிடுகிறாள். டௌவலுக்குப் பெரிய நிம்மதி. மதச் சண்டைதானே!

எழுதும்போது, ஃப்ளாரன்ஸுக்கும் எட்வர்டுக்கும் இருந்த கள்ள உறவு உட்பட அவனுக்கு எல்லாமே தெரியும். இருந்தும் அன்றைக்கு இருந்த அறியாமையையே நமக்குக் கொடுக்கிறான். அவர்கள் போய்வந்த அதே நாளில்தான் மெய்ஸி செத்துக் கிடந்தாள் என்பது பின்னால்தான் வருகிறது. ஒரு பெண் செத்த நாள் எந்த வருஷம் என்றா மறந்துபோகும்? இந்த இடத்தில் பென்சிலை அழுத்தி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று அவன் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் இப்போது இரண்டாவது பத்தியைத்தான் முதலில் பார்க்கிறேன். என் அனுபவத்தில் இதைவிட நல்ல கருவி இல்லை.

பிரதி விஷயம். ஆன்லைனில் வாங்கியதில் எழுத்து எறும்பு சைஸ், ஓரத்தில் இடமே இல்லை. காசு தண்டம். புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. இறக்கி, வலப்பக்கம் அகல மார்ஜின் விட்டு ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். தாளின் பின்பக்கம் காலியாக இருக்கட்டும், கட்டம் போட உதவும்.

அடுத்து இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’க்கும் (1989) இதே கட்டம்தான். அதன் கதைசொல்லி ஸ்டீவன்ஸ் ஒளிப்பது வேறு மாதிரி, இன்னொரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கலாம். ஸ்வேவோவின் ‘ஸீனோஸ் கான்ஷன்ஸ்’ நாவலின் கதைசொல்லி ஸீனோவும் மேஜைமேல் வந்துவிட்டார்.

ஆனால் ஃபோர்டின் நான்காம் பகுதிக்குக் கட்டம் இன்னும் பாக்கி. அங்கே டௌவல் எழுதுவதையே பதினெட்டு மாதம் நிறுத்திவிட்டு, இடையில் சிலோன் வரை போய், ஆஷ்பர்ன்ஹாம் வீட்டில் வளர்ந்த பெண்ணான நான்சியை அழைத்து வருகிறான். எட்வர்ட் எப்படிச் செத்தான் என்று சொல்ல மறந்தே போனேன் என்று கடைசிப் பக்கத்தில்தான் ஞாபகம் வருகிறது அவனுக்கு. மூன்றாவது பத்தியில் பக்க எண்ணோடு, அவன் எழுதிய காலத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். முதல் மூன்று பகுதிக்கும் அதை மறுபடி போட்டாக வேண்டும்.